ஜீப்பு வராத காலனி

வீடில்லாதவருக்கு ஒரு வீட்டைக் கட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். வெட்கப்படாமல் தூக்குங்கள். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நான் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். அப்புறம் அதே இரண்டு கையால் மலைமேல் போய் ஏலக்காய் பறிக்க வேண்டி வந்தது. வீட்டு வசதிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சட்டதிட்டம் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது நான் மாட்டிக்கொண்ட கதை மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசி. தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. தும்மல் வந்தால்கூட மதுரைக்கு எழுதிக் கேட்டுவிட்டுத்தான் தும்மவேண்டும். கடமலைக்குண்டுப் பக்கம் கொஞ்ச காலம் கிணற்றுக் கடன், கோழிப்பண்ணை என்று குப்பை கொட்டிக்கொண்டிருந்த என்னைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு யூனியனுக்கு விரிவாக்க அலுவலராக மாற்றினார்கள். எந்த யூனியன் என்று சொல்லமாட்டேன். என்னை ‘பிஞ்சு’ என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள்.

எங்கள் யூனியனுக்குச் சொந்தமாக மெயின் ரோட்டில் ஒரு வாரச்சந்தை. கல்தூண் நட்டு ஓடு போட்ட நீளக் கொட்டகைகள். சந்தை இல்லாத நாட்களில் அவற்றில் சில குடும்பங்கள் குடியிருந்தன. வருசநாட்டு மலைப்பக்கம் நிலத்தை இழந்து கீழே இறங்கியவர்கள், ஊர் ஊராக அறுப்புக்குப் போய் அப்படியே தங்கிவிட்டவர்கள். எல்லோருக்கும் பிழைப்பு மலைமேல் ஏலத்தோட்டங்களில். சந்தை நாளில் வெங்காயத்துக்கு இடம் விட்டு மூட்டையோடு எழுந்து போவார்கள். சந்தை கலைந்ததும் வெங்காயச் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி வந்து படுப்பார்கள்.

இவர்களுக்குத்தான் முதலில் வீடு என்று அரசாங்கத்தில் முடிவானது. ரெவின்யூக்காரர்கள் ஊருக்கு வெளியே மனை ஒதுக்கினார்கள். நாங்கள் சுவர் எழுப்பி ஓடு போட்டு, வாசலுக்கு ஒரு படியும் வைத்து, வரிசையாக வீடுகள் கட்டினோம். திறப்பு விழாவில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். “இன்றோடு இந்த மக்களின் அலைச்சல் தீர்ந்தது” என்று முடித்தபோது நானே என் குரலில் மயங்கிப்போனேன்.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் பூட்டு. நாங்கள் சாவியோடு கொடுத்த அதே பித்தளைப் பூட்டு, வெயிலில் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தது. ஆட்கள் சந்தைக் கொட்டகைக்கே திரும்பிவிட்டார்கள்.

எங்கள் யூனியன் கமிஷனர் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதனால் அவர் சொல்வது இன்னும் ஆழமாகக் குத்தும்.

“ஏன்யா, வீடு கட்டச் சொன்னா பூட்டுக் கடை வச்சிருக்கீராமே?”

“சார், அவங்களுக்கு வீட்டுல இருந்து பழக்கமில்லை. போகப் போகப் பழகிருவாங்க.”

“உமக்கு வீட்டுல இருந்து பழக யாரு சொல்லிக்கொடுத்தா?” என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னார். தை பிறந்ததும் சந்தையைச் சுற்றிச் சுவர் வைத்துக் கேட் போட்டுப் பூட்டப்போகிறோம். யூனியன் கூட்டத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. அதற்குள் மதுரையிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்து காலனியைப் பார்வையிடுவார். காலியாகக் கிடக்கும் வீடுகளை ரத்து செய்து, அடுத்து மனுப் போட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதாவது, தை மாதம் அந்த ஜனங்களுக்கு வீடும் கிடையாது, கொட்டகையும் கிடையாது. ஒரு கையால் கொட்டகையைப் பூட்டி, மறு கையால் வீட்டைப் பிடுங்கப்போவது ஒரே ஆபீஸ். அதில் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஏன் குடியேறவில்லை என்று நேரே போய்க் கேட்டேன். பேன்ட், சட்டை, கையில் பைல். “வந்துருவோம் சாமி”, “நாள் பாத்துக்கிட்டு இருக்கோம் சாமி” என்று ஆளுக்கு ஒரு பதில். பைலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? ஆகவே கதையில் வரும் ராஜாக்களைப்போல மாறுவேடத்தில் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ராஜாக்களுக்கு மந்திரி என்று ஒருவர் உண்டு, தடுத்திருப்பார். எனக்கு அதுவும் இல்லை.

மார்கழிக் குளிர். பழைய லுங்கி, கிழிந்த சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. விடியுமுன் போய்ச் சந்தைக்கு எதிரே கும்பலோடு நின்றுகொண்டேன். வரிசையாக ஜீப்புகள் வந்து நின்றன. ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு கங்காணி. கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகிறவர். அவர் கை நீட்டிய ஆளுக்குத்தான் அன்றைக்கு வேலை. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். யார் எங்கிருந்து எழுந்து வருகிறார்கள் என்று நான் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தபோது பின்கழுத்தில் ஒரு கை விழுந்தது.

“ஏலே, என்ன வேடிக்கை? ஏறு, ஏறு!”

சூசை கங்காணி. பெரிய மீசை, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தூக்கி உள்ளே எறிந்து, எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேரை அடைத்துவிட்டார். நான் யூனியன் ஆபீசர் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் இந்த லுங்கிக்கு என்ன விளக்கம் சொல்வது? யோசித்து முடிப்பதற்குள் அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. தம்பிகளே, நெருக்கடியில் முடிவெடுப்பதைத் தள்ளிப்போட்டால் முடிவை வேறொருவர் எடுத்துவிடுவார். அவருக்கு மீசை இருக்கும்.

மூன்றாவது வளைவில் என் விலாவில் முழங்கையை வைத்து நெருக்கிக்கொண்டிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்:

“ஐயா, இன்னைக்கு ஆபீஸ் லீவுங்களா?”

பேச்சியம்மா. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். காலனியில் முதல் வீடு அவளுடையது. விழாவில் நான் சாவி கொடுக்கும்போது போட்டோவில் நின்றவள்.

“என்னையத் தெரிஞ்சுபோச்சா?”

“ரோட்டுல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. ஆபீஸ் செருப்போட வந்து நிக்கிறீகளே.”

ஜீப்பே சிரிப்பில் குலுங்கியது. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆபீசர் எதுவரைக்கும் போகிறார் பார்ப்போம் என்று சும்மா இருந்திருக்கிறார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கங்காணிக்கு மட்டும் தெரியவில்லை. பின்னால் நடப்பதை அவர் எதற்குப் பார்க்கிறார்?

“வந்ததுதான் வந்துட்டேன். சொல்லு ஆத்தா, வீட்டுல என்ன குறை?”

“வீட்டுல ஒரு குறையும் இல்லைங்கய்யா. ஜீப்பு அங்கன வராதுல்ல.”

“நடந்து வந்தா என்ன?”

“வாய்க்காலு இருக்குதே. இருட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணியில இறங்கி, ஈரச் சேலையோட ஓடியாந்து பாத்தா ஜீப்பு போயிருச்சு. முதல் வாரத்துலயே ரெண்டு தடவை வேலை போச்சு. வேலை இல்லாம வீட்டை வச்சுக்கிட்டு ஓட்டையா திங்க முடியும்? இங்கன படுத்தா ஜீப்பு ஆரன் சத்தத்துக்கு எந்திரிச்சு ஏறிக்கிறலாம்.”

வாய்க்கால்! நாங்கள் மனை பார்க்கப் போனது கோடையில். வாய்க்காலில் தண்ணீர் அடைத்திருந்த மாதங்கள். காய்ந்து கிடந்த அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் மணல் லாரிகள் இறங்கி ஏறின. அதை நாங்கள் பாதை என்று நினைத்துக்கொண்டோம். திறப்பு விழா சமயத்தில் தண்ணீர் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் வந்த பெரிய மனிதர்களின் வேட்டி நனையக்கூடாது என்று பந்தல்காரர் குறுக்கே தென்னந்தடி போட்டுப் பலகை அடித்திருந்தார். விழா முடிந்ததும் பந்தலோடு பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதிகாரிகள் கடந்த பிறகு பாலம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றவில்லையே.

மேலே அன்று முழுக்கக் காய் எடுத்தேன். பழுத்த காயை மட்டும் பறிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் உருவிப் போட்டேன். கங்காணி என் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாம் பிஞ்சு! ஏலே, உன்னைய எவன்டா பெத்தான்? பிஞ்சுப்பயலே!” பெயர் வைத்தாகிவிட்டது. அந்த மலையில் என்னை அதிகாரியாக மதித்து வந்து ஒட்டிக்கொண்டவை அட்டைப்பூச்சிகள் மட்டும்தான்.

மறுநாள் கமிஷனர் முன்னால் போய் நின்றேன். காலெல்லாம் அட்டை கடித்த தடம். கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஒரு சின்னப் பாலம். அவ்வளவுதானே?” என்றார்.

அவ்வளவுதான். ஆனால் கட்டுவது யார்? எங்களுக்கு வந்த பணம் வீட்டுக்கு வந்த பணம். வாசற்படி வரைக்கும் செலவழிக்கலாம். படிக்கு அந்தப்புறம் ஒரு செங்கல் வைத்தாலும் ஆடிட்டில் கழுத்தைப் பிடிப்பார்கள். வாய்க்கால் பொதுப்பணித்துறைக்குச் சொந்தம். தண்ணீர் ஓடுவதுதான் அவர்கள் கவலை, அதன்மேல் ஜீப்பு ஓடுவதற்கு அவர்களிடம் பணம் கிடையாது. நெடுஞ்சாலைத்துறைக்கு மெயின் ரோட்டின் ஓரம்வரை பணம் உண்டு. ஓரத்தைத் தாண்டினால் அது வேறு உலகம். மனை கொடுத்ததோடு ரெவின்யூ கை கழுவியாகிவிட்டது. எல்லோரிடமும் பணம் இருந்தது. ஒவ்வொரு பணமும் தன் எல்லைக்குள் வந்து நின்றுவிட்டது. ஒருவர் எல்லை முடிந்து அடுத்தவர் எல்லை தொடங்குவதற்கு நடுவே ஒரு சந்து இருக்குமே, அந்தச் சந்தில்தான் பேச்சியம்மா இரண்டு பிள்ளைகளோடு படுத்திருந்தாள். முப்பது வருஷ சர்வீசில் நான் பார்த்த வீடில்லாதவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தச் சந்தில் படுத்திருந்தவர்கள்தான்.

நான் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தேன். கமிஷனர் மூடச் சொன்னார்.

“பணம் கேட்டா பைல் வரும். பொருளைக் கேளும், லாரி வரும்.”

எல்லாத் துறை அதிகாரிகளையும், பக்கத்து யூனியன் கமிஷனரையும் அவர் தன் ஆபீசுக்குக் கூப்பிடவில்லை. வாய்க்கால் கரைக்குக் கூப்பிட்டார். அதுவும் அக்கரைக்கு. இக்கரையில் வந்து ஜீப்பை நிறுத்திய பொறியாளர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், தங்கள் பேன்ட்டைப் பார்த்தார்கள். அக்கரையில் நாற்காலி போட்டு, தட்டில் மிக்சரும் பிளாஸ்கில் காபியுமாகக் கமிஷனர் கை அசைத்தார். அவர் எப்படிப் போனார்? முன்னமே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். நெடுஞ்சாலைக்காரர் நடுவில் வழுக்கி இடுப்புவரை நனைந்தார். அதற்குப் பிறகு பாலம் தேவையா என்று யாரும் கேட்கவில்லை.

“யாரும் பணம் தரவேண்டாம்” என்றார் கமிஷனர். “உங்க யார்டுல சும்மா கிடக்கிறதை மட்டும் சொல்லுங்க.”

பொதுப்பணித்துறையில் விளிம்பு உடைந்த சிமெண்டுக் குழாய்கள் கிடந்தன. நெடுஞ்சாலையில் மிச்சச் சரளை கிடந்தது; ரோடு ரோலரும் வேலையில்லாமல் நின்றது. ரெவின்யூவிடம் என்ன கிடக்கும்? “அனுமதி கிடக்கு” என்றார் தாசில்தார். அதையும் அங்கேயே வாங்கிக்கொண்டோம். காலனி ஆட்கள் மண் சுமந்தார்கள். கூலிக்கு மட்டும் யூனியனின் பொதுநிதியில், சந்தைக் குத்தகையிலிருந்து எடுத்தோம். கொட்டகையிலிருந்து எழுப்புகிற ஜனங்களுக்கு அந்தக் கொட்டகை வருமானமே வழி போட்டுக்கொடுத்தது.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றைக் கமிஷனர் அன்று செய்தார். மாதம் ஒருமுறை இப்படியே எல்லோரும் சேருவது, பக்கத்து யூனியனையும் சேர்த்துக்கொள்வது, இரண்டு யூனியனும் சந்தை வருமானத்தில் ஒரு பங்கை இந்த மாதிரிச் சந்துகளை அடைப்பதற்கென்று ஒதுக்குவது என்று ஈரப் பேன்ட்டோடு அவர்களைச் சம்மதிக்கவைத்தார். காய்ந்த பிறகு கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

சூசை கங்காணியை வழிக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. பேன்ட் சட்டையில் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“சார், நான் எதுக்கு அம்புட்டுத் தூரம் சுத்திக்கிட்டு வரணும்?”

“மெயின் ரோட்டுல உம்ம ஆளுகளை மத்த கங்காணிக இழுக்கிறாகள்ல? காலனியில உம்ம ஜீப்பு ஒண்ணுதான் நிக்கும்.”

மீசையைத் தடவினார். “அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்ல!”

பாலம் முடிந்த மறுநாள் விடியலில் காலனிக்குள் ஆரன் கேட்டது. அந்த வாரமே கொட்டகை காலியானது. நான் மறுபடியும் ஒரு சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் சொல்லாமல் கொள்ளாமல் மதுரை அதிகாரி வந்து இறங்கினார். காலை பத்தரை மணி இருக்கும். கமிஷனர் ஊரில் இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், பாலத்தின்மேல் பெருமையாக. அந்தப் பெருமை காலனி வாசல்வரைதான்.

எல்லா வீட்டிலும் பூட்டு. பெரியவர்கள் மலைமேல். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

“இதுக்குத்தான் பாலமா?” என்றார் அதிகாரி. “பூட்டு ஒவ்வொண்ணும் நடந்துபோய் வரவா?”

“சார், எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. குடியிருக்காங்க சார். கொடியில பாருங்க, துணி காயுது.”

“துணியை நீரே காயப்போட்டிருக்கலாம். மாறுவேடமெல்லாம் போடுறவராமே நீர்?”

மதுரை வரைக்கும் போயிருக்கிறது என் புகழ். அவர் டைரியை எடுத்து ‘காலி’ என்று எழுதினார். எல்லா ஊரிலும் இதே கதை சொல்கிறார்கள், ரத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று ஜீப்பைப் பார்த்து நடந்தார். சாயங்காலம்வரை இருங்கள் சார் என்றேன். இருட்டுவதற்குள் மதுரை போகவேண்டும் என்றார்.

இனி நான் செய்ததை நீங்கள் செய்யவேண்டாம். நான் பென்ஷன் வாங்குகிறவன், சொல்லலாம். அதிகாரி கடைசி வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று வழிகாட்டிவிட்டு, அவர் டிரைவரிடம் ஓடினேன்.

“அண்ணே, ஒரு டயர்ல மட்டும் காத்தைப் பிடுங்கி விட்டுருங்க. புண்ணியமாப் போகும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒண்ணு எப்படிங்க பத்தும்? ஸ்டெப்னி இருக்குதே.”

“அப்ப?”

“ரெண்டாப் பிடுங்கணும். சின்னமனூர்ல என் மச்சினன் வீடு இருக்கு. டயரை அங்கன கொண்டுபோய்ப் பாத்துட்டு, சாப்பிட்டு, பொழுது சாய வந்துருவேன். என்ன சொல்றீக?”

அரசு ஊழியர்களுக்கிடையே இவ்வளவு விரைவான ஒத்துழைப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதிகாரி இரண்டு டயரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிரைவர் டயர்களோடு பஸ் ஏறிப் போனார். நான் இளநீர் வெட்டினேன், பன்னீர் திராட்சை வாங்கிவந்தேன், என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். அதிகாரி முதல் வீட்டுப் படியில் நிழல் பார்த்து உட்கார்ந்து தூங்கிப்போனார். என் வரலாறு அப்படி.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தூங்குகிற பெரிய மனிதரைச் சுற்றி நின்று பார்த்தன. பொழுது சாயும்போது பாலத்தில் ஜீப்பு உறுமியது. உள்ளே வந்து நின்றதும் ஆட்கள் தொப் தொப்பென்று குதித்தார்கள். கையில் தூக்குவாளி, தலையில் விறகு. ஆளாளுக்குத் தம் வீட்டை நோக்கி நடந்தார்கள். வரிசையாகப் பூட்டுகள் திறக்கும் சத்தம். நான் சொற்பொழிவில் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தச் சத்தமே சொல்லிவிட்டது.

பேச்சியம்மா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். படியில் அதிகாரி. அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“ஐயா, செத்த எந்திரிச்சுக்கிறீகளா? எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கீக.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அதிகாரி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தார். அவள் பூட்டைத் திறந்து விறகை உள்ளே போட்டாள். திரும்பி எட்டிப் பார்த்தாள்.

“வெளியூருங்களா? நிக்கிறீகளே. உள்ள வந்து உக்காருங்க, வரக்காப்பி வைக்கிறேன்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பிலிருந்து ஒரு குரல். திராட்சைச் சாறு பட்டுவிடக்கூடாது என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். இந்த முறை சூசை கங்காணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏலே பிஞ்சு! இங்கனதான் இருக்கியா? அன்னைக்குப் போனவன் போனவன்தான். நாளைக்காவது வேலைக்கு வர்றியா?”

உள்ளேயிருந்து காப்பித் தம்ளரோடு அதிகாரி எட்டிப் பார்த்தார். “இவரையா கூப்பிடுறாங்க? இவரு தோட்ட வேலைக்கு வேற போயிருக்காரா?”

“ஒரு நாளுதாங்க வந்தாக” என்றாள் பேச்சியம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. “பூராவும் பிஞ்சாப் பிடுங்கிப் போட்டுட்டாக. அவுகளுக்கு அந்த வேலை ஒத்து வராதுங்க. ஆபீஸ் வேலையிலயே இருக்கட்டும்.”

அதிகாரி டைரியை எடுத்து, காலையில் எழுதியிருந்த ‘காலி’யைச் சாவதானமாக அடித்தார். பேனாவை மூடிக்கொண்டு, “சரி, இருக்கட்டும்” என்றார். வீடுகளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. வீடுகளும் நிலைத்தன, என் ஆபீஸ் வேலையும் நிலைத்தது.